வாக்கில்லா அறிஞன் அரிஸ்டாட்டில்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஷிஃப்ட் முடிந்த களைப்போடு வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! முன்வரிசைப் பிள்ளைகளே!

"அரிஸ்டாட்டிலைப் பற்றிப் பேசுகிறேன்" என்று நான் சொன்னதும் நம் செயலாளர் சிரித்தார். "அண்ணே, வாக்காளர் பட்டியல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இந்த நேரத்தில் ரெண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தின கிரேக்கர் எதற்கு?" என்று கேட்டார். "தம்பி, அந்த வேலைக்குத்தான் அவரைக் கூட்டி வருகிறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே அறிவீர்கள்.

கிரேக்கர் நமக்கு முழுக்க அந்நியர் அல்லர். நம் சங்க இலக்கியத்தில் யவனர் வருகிறார்கள். இந்த ஊர்ச் சந்துகளில் 'யுனானி தவாகானா' என்று பலகை தொங்குகிறதே, அந்த யுனானியும் யவனத்திலிருந்து வந்த சொல்தான். இந்தி பேசும் தோழர்கள் சிக்கந்தர் என்று சொல்வது அலெக்சாண்டரை. அரஸ்து என்று சொல்வது அந்த அலெக்சாண்டருக்குப் பாடம் சொன்ன அரிஸ்டாட்டிலை.

சாக்ரடீசை நம் பெரியவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1956இல் வந்த 'ராஜா ராணி' படத்தில் கலைஞர் எழுதிய வசனத்தைப் பேசி, நடிகர் திலகம் சாக்ரடீசாக நஞ்சருந்திய காட்சியை மறந்தவர் யார்? அந்தச் சாக்ரடீசின் மாணவர் பிளேட்டோ. பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சாக்ரடீசும் பிளேட்டோவும் ஏதென்சு நகரத்துக் குடிமக்கள். அரிஸ்டாட்டில் அப்படியல்லர். அவர் வெளியூரார். நம்மைப் போல, இன்னொரு மண்ணிலிருந்து வந்தவர்.

பதினேழு வயதில் வந்தவர்

கி.மு. 384ஆம் ஆண்டு, கிரேக்கத்தின் வடபகுதியில் ஸ்டகீரா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை நிக்கோமாக்கஸ் மருத்துவர். மாசிடோனிய அரசருக்கு வைத்தியம் பார்த்தவர். பெற்றோரை இளமையிலேயே இழந்த பிள்ளை, பதினேழு வயதில் ஏதென்சுக்கு வந்து பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் சேர்ந்தது. பிளேட்டோ மறையும்வரை இருபது ஆண்டுகள் அங்கேயே கற்றார், கற்பித்தார்.

பிளேட்டோவுக்குப் பிறகு கழகத்தின் தலைமை அவருடைய சகோதரி மகனுக்குப் போயிற்று. அரிஸ்டாட்டில் ஏதென்சை விட்டுக் கிளம்பினார். ஏறத்தாழ அதே காலத்தில் அவர் பிறந்த ஸ்டகீராவை மாசிடோனிய மன்னர் பிலிப் அழித்தார். வந்த ஊர் சொந்தமில்லை. சொந்த ஊர் தரைமட்டம். சிறிய ஆசியாவின் கரையிலும் லெஸ்பாஸ் தீவிலும் சில ஆண்டுகள் கழிந்தன. பித்தியாஸ் என்ற பெண்ணை மணந்தார். பின்னர் அதே பிலிப் மன்னர் அழைக்க, பதின்மூன்று வயது அலெக்சாண்டருக்கு ஆசிரியரானார். கி.மு. 335இல் மறுபடியும் ஏதென்சுக்குத் திரும்பி, லைசியம் என்ற இடத்தில் பள்ளி தொடங்கினார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் நிலம் அவருக்குச் சொந்தமாக முடியாது. ஏன்? வெளியூரார் ஏதென்சில் நிலமோ வீடோ வாங்கக் கூடாது என்பது சட்டம். உலகம் போற்றும் பேரறிஞர், அந்த நகரத்தில் கடைசிவரை வாடகைக் குடியிருப்புக்காரர்!

வரி உண்டு, வாக்கு இல்லை

ஏதென்சில் குடியேறி வாழ்ந்த வெளியூராரை 'மெட்டோய்க்கோஸ்' என்று அழைத்தார்கள். வீடு மாற்றி வந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். 'வந்தேறி' என்று நம்மில் சிலர் கூசாமல் சொல்கிறோமே, 'பரப்பிராந்தீய' என்று இங்கே சில மேடைகளில் சொல்கிறார்களே, அதற்குக் கிரேக்க மொழிச் சொல் அது.

அவர்களுக்கு என்னென்ன கடமை? ஆண் ஒருவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு திராக்மா தலைவரி கட்ட வேண்டும். ஆண் துணையின்றித் தனியாகப் பிழைக்கும் பெண் ஆறு திராக்மா கட்ட வேண்டும். குடிமக்களுக்கு இந்த வரி கிடையாது. வரி கட்டத் தவறினால் அடிமையாக விற்றுவிடலாம். ஏதென்சுக்காரர் ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும். போர் வந்தால் படையில் சேர வேண்டும். கப்பலில் துடுப்புப் போட வேண்டும். துறைமுகத்தில், பட்டறையில், கடைத்தெருவில் அந்த நகரத்தைத் தூக்கி நிறுத்திய கைகளில் அவர்களுடைய கைகள் ஏராளம்.

உரிமை? மக்கள் மன்றத்தில் பேச முடியாது. வாக்கு இல்லை. பதவி இல்லை. நீதிமன்றத்தில் நடுவராக உட்கார முடியாது. எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் பிள்ளையும் வெளியூரான், பேரனும் வெளியூரான். தாய், தந்தை இருவருமே ஏதென்சுக்காரராக இருந்தால்தான் பிள்ளை குடிமகன் என்று கி.மு. 451இல் பெரிக்ளீஸ் சட்டம் கொண்டுவந்தார். பிறப்பு ஒன்றே கணக்கு.

தோழர்களே, இப்போது இந்த வேடிக்கையைப் பாருங்கள். குடிமகன் என்பவன் யார் என்ற கேள்விக்கு உலகமே இன்றுவரை எடுத்துப் படிக்கும் விடையை எழுதியவர் இந்த வாக்கில்லாத வெளியூரார்தான்! 'அரசியல்' என்ற நூலில் எழுதுகிறார்: ஓரிடத்தில் குடியிருப்பதால் மட்டும் ஒருவன் குடிமகன் ஆவதில்லை, நியாயம் தீர்ப்பதிலும் ஆட்சியிலும் பங்கு பெறுபவனே குடிமகன். அந்த இலக்கணத்தின்படி அதை எழுதியவர் குடிமகன் அல்லர்.

கையால் தொட்டுக் கற்றவர்

அவருடைய அறிவு எப்படிப்பட்டது என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஏடுகளை மட்டும் புரட்டியவர் அல்லர் அவர். மீனவரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். தேனீ வளர்ப்போரிடம் கேட்டார். கோழி அடைகாக்கும் முட்டைகளை ஒவ்வொரு நாளாக உடைத்துப் பார்த்தார். மூன்று நாள் கழிந்ததும் வெள்ளைக் கருவுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி துடிப்பதைக் கண்டு, அதுவே இதயம் என்று எழுதினார். சுறா இனத்தைச் சேர்ந்த ஒருவகை மீனின் வயிற்றில் குட்டி கொடியால் தாயோடு இணைந்திருக்கும் என்றும் எழுதினார். பின்வந்த அறிஞர் பலர் அதை நம்பவில்லை. 1842இல் ஜெர்மானிய அறிவியலார் யோகானஸ் முல்லர் ஆராய்ந்து அது உண்மையே என்று நாட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து வென்ற உண்மை!

ஆட்சிமுறைகளையும் இப்படியே ஆராய்ந்தார். அவரும் அவர் மாணவர்களும் 158 நாடுகளின் ஆட்சியமைப்புகளைத் திரட்டினார்கள் என்பது பழங்குறிப்பு. அவற்றில் ஏதென்சைப் பற்றிய நூல் எகிப்து மண்ணில் கிடைத்த பாப்பிரஸ் சுருளிலிருந்து 1891இல் அச்சேறியது.

அவர் சொன்னவற்றில் நம் வீட்டுக்கு வேண்டிய மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

ஒன்று: வீடு கட்டிக் கட்டியே கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்தே யாழ் கலைஞர் ஆகிறோம். அப்படியே நியாயமாக நடந்து நடந்தே நியாயவான் ஆகிறோம். நல்ல குணம் பிறப்பில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது.

இரண்டு: விலங்குக்குக் குரல் உண்டு, வலித்தால் கத்தும். மனிதனுக்கு மட்டுமே பேச்சு உண்டு. எது நியாயம், எது அநியாயம் என்று ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லத்தான் அந்தப் பேச்சு. ஆகவே மனிதன் ஊர் கூடி வாழப் பிறந்தவன்.

மூன்று: ஒருவர் தன் செலவில் போடும் விருந்தைவிடப் பலரும் கொண்டுவந்து சேர்க்கும் விருந்து சிறந்ததாக இருக்கும். அதுபோல, தனித்தனியே பெரிய அறிவாளிகளாக இல்லாத பலர் ஒன்றுகூடி எடுக்கும் முடிவு, மேதைகள் சிலர் எடுக்கும் முடிவைவிட நல்லதாக அமையக்கூடும். நாம் சிறுவயதில் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுபோய் ஆக்கித் தின்ற கூட்டாஞ்சோறுதான் அவர் சொன்ன ஜனநாயகம்!

பெரியவர் சறுக்கிய இடம்

இவ்வளவு சொன்னவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டுப் போய்விடலாமா? கூடாது. கைகூப்ப வேண்டிய இடத்தில் கைகூப்புவோம். கைநீட்டிக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்.

அதே 'அரசியல்' நூலில் அவர் எழுதினார்: சிலர் இயற்கையிலேயே ஆளப் பிறந்தவர்கள், சிலர் இயற்கையிலேயே அடிமைகள். அடிமை என்பவன் உயிருள்ள கருவி. பெண்ணைவிட ஆண் இயல்பிலேயே உயர்ந்தவன். சிறந்த நாட்டில் கைத்தொழிலாளிக்குக் குடியுரிமை தரமாட்டார்கள். உழைப்பவனுக்கு ஓய்வில்லை, ஓய்வில்லாதவனால் சிறந்த வாழ்வு பழக முடியாது.

இதைப் படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. மீனவனிடம் பாடம் கேட்டவர் மீனவனுக்கு வாக்கு வேண்டாம் என்கிறார்! பிறந்த ஊர் காரணமாக உரிமை இழந்தவர், பிறப்பைக் காட்டி இன்னொருவனின் உரிமையைப் பறிக்கிறார்!

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சமாதானம் சொல்லக் கூடாது. அடிமைத்தனம் இயற்கையில் இல்லை, மனிதன் போட்ட சட்டம்தான், பலாத்காரம்தான் என்று வாதிட்டவர்கள் அன்றே இருந்தார்கள். அதை நமக்குச் சொல்பவரும் அரிஸ்டாட்டிலே. எதிர்வாதத்தைக் கேட்டார், எழுதி வைத்தார்; ஏற்க மனம் வரவில்லை.

பெண்ணுக்கு ஆணைவிடப் பற்கள் குறைவு என்றும் எழுதினார். கோழிமுட்டையை நாள்தோறும் உடைத்துப் பார்த்தவருக்கு வீட்டிலிருந்த பெண்களின் பல்லை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்த இடத்தில் அவர் வென்றார். பிறப்பிலே உயர்வு தாழ்வு உண்டு என்று பார்க்காமலே நம்பிய இடத்தில் தோற்றார். அவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பெரும்பாடம் இதுவே.

நெசவு நாடா தானாகவே ஓடினால் எஜமானர்களுக்கு அடிமை தேவைப்படாது என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார். இன்று நாடா தானாக ஓடுகிறது. சாக்கன் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளில் இயந்திரக் கையே இரும்பைப் பற்றவைக்கிறது. அதனால் உழைப்பவனின் அச்சம் நீங்கிவிட்டதா? பதினைந்து வருடம் வேலை செய்தும் 'காண்டிராக்ட் ஆள்' என்று பெயர் வாங்கியவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறீர்கள். இயந்திரம் வந்தால் மட்டும் விடுதலை வராது. பங்கு கேட்கும் வாய் வேண்டும்.

ஒரு பெரியவரின் பிழை அவரோடு போவதில்லை. 1550இல் ஸ்பெயின் நாட்டு வல்லதோலித் நகரில் ஒரு பெரும் விவாதம் நடந்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களை அடக்கி ஆள்வது நியாயமே என்று வாதிட்ட செபுல்வேதா, அரிஸ்டாட்டிலின் ஏட்டைத்தான் துணைக்கு அழைத்தார். அம்மக்களுக்காகப் பரிந்து பேசினார் பாதிரியார் லாஸ் காசாஸ்.

புனேயிலிருந்து போன பதில்

அரிஸ்டாட்டிலுக்கு ஒரு நேரடிப் பதிலைப் போன்ற நூல் நாம் வாழும் இந்த ஊரிலிருந்தே எழுந்தது. கஞ்ச் பேட்டையில், இன்று மகாத்மா புலே பேட்டை என்கிறோமே அங்கே, வாழ்ந்த ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதினார். அடிமைத்தனம் என்பது அதன் பொருள். கறுப்பின அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். கிரேக்கப் புலவர் ஹோமரின் கூற்று ஒன்று அதன் முகப்பிலே இருக்கிறது. நூல் முழுதும் ஜோதிராவும் தோண்டிபாவும் கேட்டுப் பேசும் உரையாடல். பிளேட்டோ கையாண்ட அதே முறை! யாரும் இயற்கையில் அடிமை அல்லர், ஆக்கப்பட்டவர்களே என்பது அதன் சாரம்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1848இல் பிடேவாடாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். சாவித்திரிபாய் அம்மையார் சாணியும் சேறும் மேலே விழ விழ நடந்துபோய்ப் பாடம் சொன்னார். 1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குத் திறந்துவிட்டார் புலே. ஏதென்சின் பேரறிஞர் காணத் தவறியதை இந்தப் பூக்காரர் வீட்டுப் பிள்ளை கண்டார்.

அரிஸ்டாட்டிலின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்த செய்தி வந்ததும் ஏதென்சில் மாசிடோனியர் மீது வெறுப்பு மூண்டது. அரிஸ்டாட்டில் மீது தெய்வநிந்தனைக் குற்றம் சாட்டினார்கள். சாக்ரடீசைக் கொன்ற அதே குற்றச்சாட்டு! தத்துவத்துக்கு எதிராக ஏதென்சு இரண்டாம் முறை பாவம் செய்ய விடமாட்டேன் என்று சொல்லி வெளியேறினார் என்பார்கள். ஏதென்சில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர், ஒரே நாளில் வெளியூரான் ஆனார். அடுத்த ஆண்டு தாயின் ஊரான கால்கிஸில், அறுபத்திரண்டு வயதில் மறைந்தார்.

அவருடைய உயில் நமக்குக் கிடைத்திருக்கிறது. முன்பே மறைந்த மனைவி பித்தியாசின் எலும்புகளைத் தம்மோடு வைக்கச் சொல்கிறார். தமக்குப் பணிசெய்த அடிமைச் சிறுவர் எவரையும் விற்கக் கூடாது, உரிய வயதில் தகுதிப்படி விடுவிக்க வேண்டும் என்கிறார். ஐயா அரிஸ்டாட்டில் அவர்களே! இயற்கை அடிமையாகப் படைத்தவனை ஒரு துண்டு ஏட்டால் எப்படி விடுவிக்க முடியும்? எழுதியபோது மறுத்ததைச் சாகும்போது உங்கள் கையே ஒப்புக்கொண்டதல்லவா?

எங்கள் சந்துக் குழாய்

இனி நம் கதைக்கு வருகிறேன். என் தகப்பனார் 1969இல் பம்பாய் மெயிலில் வந்து இந்த ஊரில் இறங்கியவர். முப்பத்தொரு வருடம் இங்கே மூட்டை தூக்கினார். ஒரு தடவைகூட இங்கே வாக்களித்ததில்லை. "நாம என்ன இங்கேயே இருக்கப்போறமா? அடுத்த வருசம் ஊருக்குப் போயிருவோம்" என்பார். அந்த அடுத்த வருசம் வரவேயில்லை.

1986ஆம் ஆண்டு. எங்கள் சந்தில் நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய். இன்னொரு குழாய் கேட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரிடம் பதினொரு பேர் போனோம். அன்போடு உட்காரவைத்து டீ கொடுத்தார். "தும்ஹி குட்லே?" என்று கேட்டார். பிறகு பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத் தேடினார். பதினொரு பேரில் இரண்டு பெயர்தான் இருந்தது. புத்தகத்தை மூடினார். குழாய் வரவில்லை. அவர் கெட்டவர் அல்லர். எண்ணத் தெரிந்தவர்.

அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒற்றைக் குழாயடியில் நம் தமிழ்க் குடும்பங்களே சாதி பார்த்து வரிசை பிரித்தன. சில வீட்டுக் குடங்கள் கடைசியில்தான் நிரம்பும். நம்மை வெளியூரான் என்று ஒதுக்கியவர்களைத் திட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டம்மாவின் குடத்தை ஒதுக்கினோம். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பிள்ளைகளை, "எங்கிருந்தோ வந்து கூலியைக் கெடுக்கிறானுங்க" என்று பேசுகிறோம். அரிஸ்டாட்டில் செய்த தவறுதானே இது? மிதிபட்டவன், தனக்குக் கீழே மிதிக்க ஆள் தேடுகிற தவறு!

அவருக்கு இல்லாதது நமக்கு உண்டு. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தருகிறது. பிறந்த இடத்தைக் காட்டி அரசு வேறுபாடு பாராட்டக் கூடாது என்கிறது 15ஆவது பிரிவு. 326ஆவது பிரிவு வயதுவந்த ஒவ்வொருவருக்கும் வாக்களிக்கிறது. 1989 முதல் அந்த வயது பதினெட்டு. பிறப்புக் கேட்கவில்லை, சொத்துக் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை. அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் வரையப்பட்ட சட்டம் அது. ஏதென்சின் மெட்டோய்க்கோஸ் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் பெற முடியாததை நாம் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம்!

1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. ஊரில் வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அங்கே குடியிருப்பதாக ஆகிவிடாது. புதிதாகப் பெயர் சேர்க்க 6ஆம் எண் படிவம்; இடம் மாறியவர்களுக்கு 8ஆம் எண் படிவம். இரண்டும் அதோ அந்த மேசையில் இருக்கின்றன. எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு எழுதித்தர நம் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். மனைவி பெயரை எழுதுங்கள். எதிர்வீட்டில் குடிவந்திருக்கும் ஒடிசாத் தம்பிக்கும் ஒரு படிவம் எடுத்துக்கொண்டு போங்கள். குழாயடியில் எந்தக் குடத்தை நாம் பின்னுக்குத் தள்ளினோமோ, அந்த வீட்டுக்கு முதலில் போங்கள். மராத்தி தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளுங்கள். இந்த மண்ணின் நியாயத்தை இந்த மண்ணின் மொழியிலும் பேசப் பழகுங்கள். கூட்டாஞ்சோற்றில் ஒரு பிடி அரிசி நம்முடையதாக இருக்கட்டும்; அடுத்தவன் பிடியையும் உலையில் போட விடுவோம்.

செயலாளர் தம்பி, அரிஸ்டாட்டில் வேலையை முடித்துவிட்டார். இனி மேசைப் பக்கம் நீங்கள் போகலாம்.